திங்கட்கிழமை இரவுப் போர்: வென்றுகொண்டிருந்த நைட்ரோ எப்படி விலைபோனது?

1996 முதல் 1998 வரை 83 வாரங்கள் தொடர்ந்து, வின்ஸ் மெக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நடத்திய ‘மண்டே நைட் ரா’வைப் பார்வையாளர் கணக்கில் முந்திய அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூசிடபிள்யூவின் ‘நைட்ரோ’ நிகழ்ச்சி, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே போட்டியாளரிடம் விற்கப்படும் நிலைக்கு எப்படி வந்தது, ஒருவர் விரலால் தொட்டதுமே மற்றவர் விழுந்து பட்டத்தைக் கொடுத்த, 1999 ஜனவரி 4 அன்று நடந்த ‘விரல் குத்து’ ஆட்டம்தான் அதற்குக் காரணம் என்று பலரும் சொல்வது சரியா, இனி அப்படியொரு போட்டி நிகழுமா என்பது கேள்வி.

ஜனவரி 4-ஐக் காரணம் காட்டும் விளக்கம் சரியானதன்று என்பதே என் கருத்து. அந்த இரவு அசட்டுத்தனமானது என்பதில் ஐயமில்லை; ஆனால் அப்போது நைட்ரோ ஏற்கெனவே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. நைட்ரோவின் வீழ்ச்சியில் இரண்டு தனித்தனி நிகழ்வுகள் உள்ளன. எதிராளியைச் சீண்டிச் சீண்டி அவனுக்கே சிறந்த கதையைக் கையில் கொடுத்து முதலிடத்தை இழந்தது ஒன்று. தன்னைப் பெற்று வளர்த்த தொலைக்காட்சி நிறுவனமே ஒளிபரப்பு நேரத்தைப் பறித்ததால் உயிரை இழந்தது மற்றொன்று. முதலாவதை மட்டும் ஆண்டுக்கணக்கில் விவாதிப்பவர்கள் இரண்டாவதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது. அப்படிப்பட்ட ஒரு துறையில் முடிவு யாருக்கும் தெரியாமல் நடந்த ஒரே பந்தயம், ஒவ்வொரு திங்கட்கிழமை இரவும் இரண்டு கேபிள் அலைவரிசைகளுக்கு இடையே நடந்த பந்தயம்தான். அதன் நடுவராக இருந்தது நீல்சன் நிறுவனம் தரும் மதிப்பீட்டெண். அந்த அலைவரிசை கிடைக்கும் நூறு வீடுகளில் எத்தனை வீடுகள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தன என்பதைக் காட்டும் அந்த எண், நிகழ்ச்சி முழுமைக்கும் மட்டுமல்லாமல் பதினைந்து பதினைந்து நிமிடங்களாகப் பிரித்தும் கிடைத்தது. எந்த வீரர் மேடைக்கு வந்தபோது எத்தனை பேர் அலைவரிசையை மாற்றினார்கள் என்பது வரை தெரிந்ததால், இரு தரப்பும் ஆட்டங்களை வரிசைப்படுத்தியதே அந்தக் கால் மணி நேரங்களைப் பார்த்துத்தான்.

பகையின் வேர் 1995-க்கு முந்தையது. அமெரிக்க மல்யுத்தம் முன்பு வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்பது எழுதப்படாத ஒப்பந்தம். 1982-இல் தந்தையிடமிருந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கிய வின்ஸ் மெக்மேன் அந்த எல்லைகளை மதிக்கவில்லை. 1984 ஜூலையில் ஜார்ஜியா மாநிலத்து மல்யுத்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி, கேபிள் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னரின் டிபிஎஸ் அலைவரிசையில் அந்நிறுவனத்துக்கு இருந்த சனிக்கிழமை மாலை நேரத்தையும் கைப்பற்றினார். அட்லாண்டா ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். டர்னருக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த நேரம் பத்து லட்சம் டாலருக்கு இன்னொரு மல்யுத்த நிறுவன உரிமையாளரான ஜிம் கிராக்கெட்டின் கைக்குப் போயிற்று. கிராக்கெட் நிறுவனம் கடனில் தத்தளித்தபோது 1988 நவம்பரில் டர்னர் அதை வாங்கினார். அதுவே டபிள்யூசிடபிள்யூ ஆயிற்று. தம் சிறிய அட்லாண்டா நிலையத்தை நாடறிய வளர்த்த காலத்தில் கைகொடுத்த நிகழ்ச்சிகளில் மல்யுத்தமும் ஒன்று என்பதை டர்னர் மறக்கவில்லை. டபிள்யூசிடபிள்யூ நட்டம் காட்டிய ஆண்டுகளிலும் அதைக் காப்பாற்றியது இந்தப் பற்றுதான். இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

மெக்மேன் 1993 ஜனவரி 11 அன்று யுஎஸ்ஏ நெட்வொர்க்கில் ராவைத் தொடங்கினார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டர் என்ற சிறிய அரங்கில், பார்வையாளர் முன்னிலையில், பெரும்பாலும் நேரலையாக ஒரு மணி நேரம் நடத்தப்பட்ட அந்த நிகழ்ச்சி அக்காலத்துக்குப் புதுமையானது. ஆனால் வாராவாரம் நேரலை செய்வதற்குச் செலவு மிகுதி. எனவே ஒரு வாரம் நேரலை, அதே அரங்கில் தொடர்ந்து எடுக்கப்பட்ட பதிவுகள் அடுத்தடுத்த வாரங்களில் என்ற வழக்கம் வந்தது. ஊக்கமருந்து வழக்கில் 1994-இல் நீதிமன்றம் ஏறி விடுதலையான மெக்மேனிடம் அப்போது கைப்பணமும் தாராளமாக இல்லை. இந்தச் சிக்கனமே எதிரி நுழைய வழி விட்டது.

டர்னர் தரப்பில் பொறுப்பில் இருந்தவர் எரிக் பிஷாஃப், முன்னாள் வர்ணனையாளர். 1994-இல் ஹல்க் ஹோகனைக் கொண்டுவந்தது அவருடைய முதல் பெரிய வெற்றி. 1995-இல் டர்னரைச் சந்திக்கச் சென்றது ஸ்டார் டிவி வழியாகச் சீனாவில் ஒளிபரப்பும் ஒரு திட்டத்துக்காகத்தான் என்றும், நடுவில் டர்னர் திடீரென ‘மெக்மேனோடு போட்டியிட என்ன வேண்டும்?’ என்று கேட்டதாகவும், முன்னிரவு முக்கிய நேரம் வேண்டும் என்று தாம் சும்மா சொல்லிவைத்ததாகவும் பிஷாஃப் பின்னாளில் விவரித்திருக்கிறார். டர்னர் அங்கேயே டிஎன்டி அலைவரிசையின் திங்கட்கிழமை இரவை ஒதுக்கிவிட்டார். வேறு எந்த இரவையும் கொடுத்திருக்கலாம். திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் ஒன்றுதான்.

1995 செப்டம்பர் 4 அன்று மினசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்தின் நடுவே முதல் நைட்ரோ நடந்தது. யுஎஸ் ஓப்பன் டென்னிஸ் காரணமாக அன்று ரா ஒளிபரப்பாகவில்லை. களம் காலியாக இருந்த நாளைப் பார்த்துத்தான் இறங்கினார்கள். நிகழ்ச்சியின் நடுவே லெக்ஸ் லூகர் நடந்து வந்தார். முந்தைய நாள் வரை மெக்மேனின் மேடையில் ஆடியவர் அவர். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில் யாரிடமும் சொல்லாமல் கட்சி மாறியிருந்தார். ‘இந்த நிகழ்ச்சியில் எதுவும் நடக்கலாம்’ என்று விளம்பரம் செய்ய வேண்டிய தேவையே அதன்பின் இருக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டும் நேருக்கு நேர் மோதின: நைட்ரோ 2.5, ரா 2.2.

பிஷாஃபின் உத்தி எளிமையானது, இரக்கமற்றது. நைட்ரோ ஒவ்வொரு வாரமும் நேரலை. எதிரே ஓடுவது பதிவு என்றால் அதன் முடிவுகளை நைட்ரோவின் வர்ணனையிலேயே அறிவித்துவிடுவார். முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? 1996 மே 27 அன்று நைட்ரோ இரண்டு மணி நேரமானது. அதே இரவில், ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், ஸ்காட் ஹால் பார்வையாளர் கூட்டத்திலிருந்து எழுந்து மேடையேறினார். மெக்மேனிடம் ரேசர் ரமோன் என்ற பெயரில் நட்சத்திரமாக இருந்தவர், தான் எந்த நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லாமலே படையெடுத்து வந்தவரைப் போலப் பேசினார். இரண்டு வாரங்களில், மெக்மேனின் இன்னொரு நட்சத்திரமான கெவின் நாஷும் வந்தார். மெக்மேன் வழக்கே தொடுத்தார். ஜூலை 7 அன்று ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில், அவர்களுடைய ரகசிய மூன்றாம் கூட்டாளியாக வெளிப்பட்டவர் ஹல்க் ஹோகன். பத்தாண்டுகளுக்கு மேல் குழந்தைகளுக்கு வைட்டமின் சாப்பிடச் சொன்ன நாயகன் வில்லனாக நின்றபோது கூட்டம் குப்பையை மேடைமீது வீசியது. என்டபிள்யூஓ என்று பெயரிடப்பட்ட அந்தக் கும்பலின் படையெடுப்புக் கதைக்கு முன்மாதிரி ஜப்பானில் இருந்தது. நியூ ஜப்பான் நிறுவனமும் யுடபிள்யூஎஃப்ஐ நிறுவனமும் 1995-இல் மோதியபோது டோக்கியோ டோம் நிறைந்ததைக் கண்ட பிஷாஃப், அந்த யோசனையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்.

83 வாரங்கள் தொடங்கியது அந்தக் கோடையில்தான். அவ்வெற்றிக்கு என்டபிள்யூஓவை மட்டும் காரணமாகச் சொல்வது நைட்ரோவின் முதல் மணி நேரத்துக்குச் செய்யும் அநீதி. ரே மிஸ்டீரியோ, டீன் மலெங்கோ, எடி கெரேரோ, அல்டிமோ டிராகன், கிறிஸ் ஜெரிக்கோ முதலிய எடை குறைந்த வீரர்கள் மெக்சிகோவிலும் ஜப்பானிலும் கற்ற வேகத்தை அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் புதிதாகக் கொண்டுவந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். நல்ல மல்யுத்தத்தை முதலிலும், பெரிய பெயர்களின் நாடகத்தை முடிவிலும் வைத்த அந்த அமைப்பை நான் இன்றும் மெச்சுகிறேன்.

இனி, அந்த வெற்றியை முடித்த சங்கிலித்தொடருக்கு வருவோம். அதன் முதல் கண்ணி சாம்பியன் பெல்ட். 1991-இல் டபிள்யூசிடபிள்யூவின் அன்றைய தலைமையோடு பிணங்கிப் பதவிநீக்கம் செய்யப்பட்ட ரிக் ஃப்ளேர், தாம் கட்டியிருந்த 25,000 டாலர் வைப்புத்தொகை திருப்பித் தரப்படவில்லை என்று கூறி, அந்தப் பெரிய தங்க பெல்ட்டோடு மெக்மேனின் தொலைக்காட்சியில் தோன்றினார். ‘உண்மையான உலக சாம்பியன்’ என்று மெக்மேன் அதை வைத்துக் கொண்டாடினார். அந்தக் கணக்கைத் தீர்க்கும் வாய்ப்பு 1995 டிசம்பர் 18 அன்று பிஷாஃபுக்குக் கிடைத்தது. மெக்மேனின் மகளிர் சாம்பியனாக இருந்தவரும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டவருமான மெடூசா நைட்ரோவில் தோன்றி, அந்த மகளிர் பெல்ட்டை நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு நிமிடக் கேலி. ஆனால் தன் சாம்பியன் ஒருவர் பெல்ட்டோடு எதிரியின் நிகழ்ச்சியில் நிற்பதைப் பற்றிய அச்சம் மெக்மேன் மனத்தில் அன்றே குடியேறிவிட்டது.

1997 இலையுதிர்காலத்தில் மெக்மேனின் சாம்பியன் பிரெட் ஹார்ட். முந்தைய ஆண்டுதான் அவருக்கு இருபது ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருந்தார் மெக்மேன். அதைக் காப்பாற்றப் பணமில்லை என்று அவரே ஹார்ட்டை டபிள்யூசிடபிள்யூவின் அழைப்பை ஏற்கச் சொன்னார். ஹார்ட் போகச் சம்மதித்தார். ஆனால் சொந்த நாடான கனடாவில், தமக்குச் சற்றும் ஆகாத ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழக்கச் சம்மதிக்கவில்லை. இறுதி நாட்களில் தம் பாத்திரம் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஒப்பந்தப்படி அவருக்கு இருந்தது. மெக்மேனின் கண்முன் நின்றதோ அந்தக் குப்பைத் தொட்டி. நவம்பர் 9 அன்று மான்ட்ரியாலில், ஹார்ட்டின் சொந்தப் பிடியையே மைக்கேல்ஸ் அவர்மேல் போட்ட நொடியில், மேடையருகே நின்ற மெக்மேன் மணியை அடிக்கச் சொன்னார். ஹார்ட் பணியவும் இல்லை, முன்பே பேசிவைத்த முடிவும் அதுவன்று. ஹார்ட் மேடையிலிருந்து அவர்மேல் துப்பினார்; பின்னர் உடைமாற்றும் அறையில் ஓங்கிக் குத்தினார்.

அதுவரை தொலைக்காட்சியில் மெக்மேன் பெரும்பாலும் ஒரு வர்ணனையாளராகவே தெரிந்தார். நிறுவனத்தின் உரிமையாளர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. மான்ட்ரியாலுக்குப் பிறகு எந்த அரங்கில் நுழைந்தாலும் மக்கள் உண்மையான வெறுப்போடு கூச்சலிட்டார்கள். வேறொருவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். மெக்மேன் அந்த வெறுப்பைச் சம்பளமில்லாமல் கிடைத்த நட்சத்திரமாகக் கொண்டார். தொழிலாளியை நசுக்கும் முதலாளியாக அவர் தம்மையே மேடையேற்றினார். எதிரே நின்ற தொழிலாளி ஸ்டீவ் ஆஸ்டின். பீர் குடித்து, நடுவிரலைக் காட்டி, முதலாளியைத் தரையில் சாய்க்கும் ஆஸ்டினிடம், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு அமெரிக்கனும் தன்னைக் கண்டான். இந்த ஆஸ்டினை 1995-இல் காயம்பட்டு வீட்டில் இருந்தபோது வேலையிலிருந்து நீக்கியவர் பிஷாஃப்தான். மிக் ஃபோலி, டிரிபிள் எச், அண்டர்டேக்கர் ஆகிய மூவரும்கூட ஒரு காலத்தில் டபிள்யூசிடபிள்யூவில் இருந்து, பெரிதாக வளர வாய்ப்பில்லாமல் வெளியேறியவர்களே. நம் ஊரில் டிரம்ப் கார்டு சேர்த்த தலைமுறைக்கு இவர்கள் பிறந்ததிலிருந்தே மெக்மேனின் ஆட்கள் போலத் தோன்றும், அப்படியல்ல.

1998 ஜனவரி 19 அன்று மைக் டைசன் ராவுக்கு வந்தார். ஆஸ்டின் அவரைத் தள்ளிய காட்சி விளையாட்டுச் செய்திகளிலெல்லாம் ஓடியது. மார்ச் 29 அன்று ஆஸ்டின் சாம்பியன் ஆனார். ஏப்ரல் 13 அன்று ஆஸ்டினும் மெக்மேனும் நேருக்கு நேர் மோதப்போவதாக ரா அறிவித்தது. அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. இடையில் வேறு ஆள் புகுந்து கெடுத்தார். ஆனாலும் ரா 4.6, நைட்ரோ 4.3. 83 வாரங்கள் முடிந்தன. ஃப்ளேரின் பெல்ட்டிலிருந்து குப்பைத் தொட்டி, அதிலிருந்து மான்ட்ரியால், அதிலிருந்து முதலாளி வில்லன் என்று ஒன்று மற்றொன்றைப் பெற்றது. பிஷாஃப் மெக்மேனை அந்த அளவுக்குச் சீண்டியிருக்காவிட்டால் அந்த வில்லன் பிறந்திருக்க மாட்டான் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுபக்கம், டபிள்யூசிடபிள்யூ தன் மிகப் பெரிய கதையை வீணடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் சாயம் பூசி, பேசாமல், அரங்குகளின் கூரையிலிருந்து கண்காணித்துக்கொண்டிருந்த ஸ்டிங், ஹோகனை எப்போது வீழ்த்துவார் என்று ஓராண்டுக்கும் மேல் மக்களைக் காத்திருக்க வைத்தார்கள். 1997 டிசம்பர் 28 அன்று ஸ்டார்கேட் என்ற கட்டண நிகழ்ச்சியில் அந்த ஆட்டம் வந்தது. நடுவர் வேகமாக எண்ணி ஹோகனுக்குச் சாதகம் செய்ய வேண்டும், அதை பிரெட் ஹார்ட் வந்து தடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவர் எண்ணியதோ வழக்கமான வேகத்தில். பார்த்தவர்களுக்கு ஹோகன் நேர்மையாக வென்றதாகவே பட்டது. தம் பாத்திரம் பற்றிய முடிவுகளில் ஹோகனுக்கு ஒப்பந்தப்படி உரிமை இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மெக்மேனிடம் வீரர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அரங்கில் வந்த கூட்டத்தைப் பொறுத்தது; டபிள்யூசிடபிள்யூவில் முன்வரிசை வீரர்களுக்கு நிலையான தொகை உறுதி. ஆடினாலும் ஆடாவிட்டாலும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அதே பணம் கிடைக்கும் இடத்தில், மூத்தவர் இளையவரிடம் தோற்று அவரை உயர்த்த எந்தக் காரணமும் இல்லை.

மதிப்பீட்டெண் மோகம் அதைவிடப் பெரிய கேட்டைச் செய்தது. 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் 40,000 பேருக்கு மேல் திரண்டிருக்க, தோல்வியே காணாத கோல்ட்பெர்க் ஹோகனை வீழ்த்திப் பட்டம் வென்றார். டபிள்யூசிடபிள்யூவின் வரலாற்றிலேயே அதிகம் பேர் பணம் கட்டிப் பார்த்திருக்கக்கூடிய ஆட்டங்களில் ஒன்று அது. அதை ஒரே ஒரு திங்கட்கிழமையை வெல்வதற்காக, சில நாள் முன்னறிவிப்போடு, இலவசத் தொலைக்காட்சியில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஆறு நாள் கழித்து அவர்களுக்கே ஒரு கட்டண நிகழ்ச்சி இருந்தது. அதில் ஹோகன் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மனோடு இணை சேர்ந்து ஆடினார். அந்த வார மதிப்பீட்டெண்ணில் வெற்றி நைட்ரோவுக்கே; அடுத்த மாதம் என்ன விற்பது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று நடந்தது இன்னும் வேடிக்கை. ஹாலோவீன் ஹேவக் என்ற கட்டண நிகழ்ச்சி ஒதுக்கப்பட்ட நேரத்தைத் தாண்டியதால், பணம் கட்டிய பல வீடுகளில் இறுதி ஆட்டத்துக்கு முன்பே ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. கோல்ட்பெர்க்கும் டயமண்ட் டல்லாஸ் பேஜும் மோதிய அந்த ஆட்டத்தை மறுநாள் நைட்ரோவில் இலவசமாகக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த இரவு நைட்ரோ ராவை வென்றது. அதன் பிறகு ஒருபோதும் வெல்லவில்லை. கடைசி வெற்றியையே பணம் கட்டியவர்களுக்குப் பரிகாரமாகப் பெற்ற நிறுவனம் அது.

இந்தப் பின்னணியில் 1999 ஜனவரி 4-ஐப் பாருங்கள். மீண்டும் ஜார்ஜியா டோம். பட்டத்தை வைத்திருந்த நாஷின் மார்பில் ஹோகன் ஒரு விரலால் தொட, நாஷ் சுருண்டு விழுந்து பட்டத்தைக் கொடுத்தார், இருவரும் கட்டித்தழுவினர். அதே இரவு, ஒரு வாரம் முன்பே பதிவான ராவில் மிக் ஃபோலி முதன்முதலாக உலகப் பட்டம் வெல்லப்போவதை, பிஷாஃபின் கட்டளைப்படி வர்ணனையாளர் டோனி ஷியாவோனே நைட்ரோவில் அறிவித்து, அது நிறைய இருக்கைகளை நிரப்புமாக்கும் என்று கிண்டலும் செய்தார். முன்பு பலித்த பழைய ஆயுதம் இம்முறை கைப்பிடித்தவனையே வெட்டியது. ஃபோலி வெல்வதைக் காண மக்கள் அலைவரிசையை மாற்றினார்கள்: ரா 5.7, நைட்ரோ 5.0. ஆனால் அந்த 5.0 என்ற எண்ணைக் கவனியுங்கள். 83 வார வெற்றிக் காலத்தின் பெரும்பகுதியில் நைட்ரோ பெற்றதைவிட அது அதிகம். அன்று இரவு அது சாகும் நிகழ்ச்சியாக இருக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் நிகழ்ச்சியாக இருந்தது. அன்று இழந்தது நம்பிக்கையை. பார்வையாளர் பெருமளவில் போனது அதற்குப் பின்வந்த பதினெட்டு மாதங்களில்.

அந்த மாதங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. 1999 செப்டம்பரில் பிஷாஃப் விலக்கப்பட்டார். மெக்மேனிடமிருந்து எழுத்தாளர் வின்ஸ் ருஸ்ஸோ அழைத்துவரப்பட்டார். சில மாதங்களில் அவரும் ஒதுங்க, 2000 ஜனவரியில் எடி கெரேரோ, டீன் மலெங்கோ உள்ளிட்ட நால்வர் மொத்தமாக ராவுக்குப் போனார்கள். ஏப்ரலில் ருஸ்ஸோவும் பிஷாஃபும் சேர்ந்தே திரும்பினார்கள். அந்த மாதமே திரைப்பட நடிகர் டேவிட் ஆர்கெட் உலக சாம்பியன் ஆக்கப்பட்டார். 2000-இல் மட்டும் நட்டம் ஆறு கோடி டாலருக்கு மேல். மெக்மேனோ 1999 ஏப்ரலில் முடிந்த கணக்காண்டில் 25 கோடி டாலர் வருவாய் ஈட்டி, அக்டோபரில் பங்கு ஒன்று 17 டாலர் என்று பங்குச் சந்தையில் இறங்கியிருந்தார்.

ஆயினும் நட்டத்தால் மட்டும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நின்றுவிடுவதில்லை. டபிள்யூசிடபிள்யூ தன் வாழ்நாளில் பெரும்பகுதி நட்டத்திலேயே ஓடியது. அதைத் தாங்கியவர் டர்னர். 1996-இல் அவர் நிறுவனம் டைம் வார்னர் என்ற ஊடக நிறுவனத்தோடு இணைந்தபோது அவருடைய அதிகாரம் பாதியாயிற்று. டைம் வார்னரும் இணைய நிறுவனமான ஏஓஎல்லும் இணைந்தது 2001 ஜனவரியில் முழுமை பெற்றபோது அவர் சொல் செல்லாத இடமாயிற்று. நைட்ரோவை மூன்று மணி நேரமாக்கியதும், 1998 ஜனவரியில் வியாழக்கிழமைக்கு ‘தண்டர்’ என்ற இன்னொரு நிகழ்ச்சியைச் சேர்த்ததும் அலைவரிசைகளின் பசிக்காகச் செய்யப்பட்டவை. மலிவாகப் பார்வையாளரைத் தரும் நேரநிரப்பியாகத்தான் மல்யுத்தத்தை அந்த நிர்வாகம் பார்த்தது. ஒரு கட்டத்தில் அப்படிக்கூடப் பார்க்க விரும்பவில்லை.

பிஷாஃப் முதலீட்டாளர்களைத் திரட்டி ஃப்யூசியன்ட் என்ற நிறுவனத்தின் மூலம் டபிள்யூசிடபிள்யூவை வாங்க முன்வந்தார். 2001 ஜனவரியில் அறிவிப்பும் வந்தது. மார்ச்சில் டர்னர் அலைவரிசைகளின் புதிய தலைவர் ஜேமி கெல்னர், டிஎன்டியிலும் டிபிஎஸ்ஸிலும் இனி மல்யுத்தம் கிடையாது என்று முடிவெடுத்தார். அலைவரிசைகளை வேறு வகை விளம்பரதாரர்களுக்கு ஏற்ப மாற்றுவது அவர் திட்டம்; மல்யுத்தம் அந்தப் படத்தில் பொருந்தவில்லை. அப்போதும் நைட்ரோவின் மதிப்பீட்டெண் 2-ஐ ஒட்டி இருந்தது. பிற கேபிள் நிகழ்ச்சிகள் பலவற்றுக்குக் கிட்டாத எண் அது. ஒளிபரப்பு நேரம் இல்லாத மல்யுத்த நிறுவனத்தை வாங்கி என்ன செய்வது என்று பிஷாஃபின் கூட்டாளிகள் விலகினார்கள். நேரம் இருந்தவர் ஒருவரே. பெயர், பழைய ஒளிப்பதிவுகள், இளைய வீரர்கள் சிலரின் ஒப்பந்தங்கள் ஆகியவற்றை ஏறத்தாழ 25 லட்சம் டாலருக்கு மெக்மேன் வாங்கினார். ஹோகன், கோல்ட்பெர்க், நாஷ் போன்றோரின் பெரிய ஒப்பந்தங்களை அவர் தொடவில்லை. அவற்றுக்குப் பணம் கொடுக்கும் சுமை ஏஓஎல் டைம் வார்னரிடமே நின்றது.

ஒரு தொலைக்காட்சி நேரத்தின் மதிப்பை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது. நேரம் இருந்தவரை பல கோடி பேசப்பட்ட அதே நிறுவனம், நேரம் போன சில நாட்களில் அந்த விலைக்கு வந்தது. ஜனவரி 4-ஐக் குற்றவாளியாக்கும் விளக்கம் எனக்கு ஒப்பாததற்குக் காரணமும் இதுவே. மோசமான கதை நைட்ரோவை 2-க்கு இறக்கியது; 2-இலிருந்து பூச்சியத்துக்கு இறக்கியது கெல்னரின் முடிவு. எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு: நைட்ரோ இன்னும் 5-இல் இருந்திருந்தால் கெல்னர் அதைத் தொடத் துணிந்திருப்பாரா? அநேகமாக மாட்டார். ஆனால் 1995-க்கு முன் அதைவிடக் குறைந்த நிலையில் டபிள்யூசிடபிள்யூ ஏழு ஆண்டுகள் உயிரோடு இருந்தது, டர்னர் அங்கே இருந்ததால்.

2001 மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோ ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் நடந்தது. கிளீவ்லாந்தில் ராவின் மேடையிலிருந்து மெக்மேன் இரண்டு அலைவரிசைகளிலும் ஒரே நேரத்தில் தோன்றித் தம் வெற்றியைப் பறைசாற்ற, ஃபுளோரிடா மேடையில் அவர் மகன் ஷேன் தோன்றி, வாங்கியது தான்தான் என்று கதைக்காக அறிவித்தார். முதல் நைட்ரோவில் மோதிய ஸ்டிங்கும் ஃப்ளேரும்தான் கடைசி ஆட்டத்திலும் மோதினார்கள். பால் ஹேமனின் ஈசிடபிள்யூ என்ற சிறிய மல்யுத்த நிறுவனமும் அதே ஆண்டு மூடப்பட்டது. போட்டியில்லாத ரா வளர்ந்ததா என்றால், இல்லை; 2002-இன் பிற்பகுதியிலேயே அதன் மதிப்பீட்டெண் 4-க்குக் கீழே இறங்கியது. நைட்ரோவின் ரசிகர்களில் பெரும்பாலோர் ராவுக்கு வரவில்லை, மல்யுத்தம் பார்ப்பதையே விட்டார்கள்.

இனி அப்படியொரு போட்டி நிகழுமா என்ற இரண்டாம் கேள்வி. முயற்சிகள் நடந்தன. 2010-இல் டிஎன்ஏ (TNA) என்ற மல்யுத்த நிறுவனம் ஹோகனையும் பிஷாஃபையும் வைத்துக்கொண்டு ‘இம்பேக்ட்’ நிகழ்ச்சியை மார்ச்சில் திங்கட்கிழமைக்கு மாற்றியது; மே மாதமே வியாழனுக்குத் திரும்பி ஓடியது. கணக்கில் எடுக்கத்தக்கது 2019 அக்டோபர் 2 அன்று டிஎன்டியில் தொடங்கிய, ஏஇடபிள்யூ என்ற புதிய மல்யுத்த நிறுவனத்தின் ‘டைனமைட்’. அதன் தலைவர் டோனி கானின் பணமும், மல்யுத்த வீரர்களான கோடி ரோட்ஸ் (Cody Rhodes), கென்னி ஒமேகா, யங் பக்ஸ் ஆகியோரின் பெயரும் சேர்ந்து தொடங்கிய அதை எதிர்க்க மெக்மேன் தரப்பு தன் என்எக்ஸ்டி நிகழ்ச்சியை அதே புதன்கிழமை இரவில் யுஎஸ்ஏ நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்தது. முதல் இரவு டைனமைட்டை 14 லட்சம் பேரும் என்எக்ஸ்டியை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோரும் பார்த்தார்கள். பெரும்பாலான வாரங்களில் டைனமைட்டே வென்றது. 2021 ஏப்ரலில் என்எக்ஸ்டி செவ்வாய்க்கு நகர்ந்தது. ஆனால் மெக்மேன் தரப்பு களமிறக்கியது தன் மூன்றாம் நிகழ்ச்சியைத்தான்; ராவை யாரும் பணயம் வைக்கவில்லை. 2023 அக்டோபரில் ஒரே ஒரு செவ்வாய் இரவு இரண்டும் மீண்டும் மோதியபோது, ஜான் சீனாவையும் அண்டர்டேக்கரையும் அழைத்துவந்து என்எக்ஸ்டி வென்றது.

1990-களின் போட்டிக்கு மூன்று நிபந்தனைகள் ஒன்றுகூடியிருந்தன: இரு தரப்பும் தத்தம் முதன்மை நிகழ்ச்சியையே ஒரே நேரத்தில் நிறுத்தின, பார்ப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் அப்போது பார்க்க முடியும், ஒரே அளவுகோல் இரண்டையும் அளந்தது. இவற்றில் முதலாவது 2001-க்குப் பிறகு வரவில்லை. இரண்டாவதை இணையம் தளர்த்திவிட்டது. மூன்றாவதும் இப்போது இல்லை: 2025 ஜனவரி 6 முதல் ரா நெட்ஃபிளிக்ஸில் ஓடுகிறது, அதன் பார்வைக் கணக்கை நெட்ஃபிளிக்ஸே தன் முறைப்படி எண்ணி வெளியிடுகிறது. டைனமைட் இன்னும் கேபிளில், டிபிஎஸ்ஸில், நீல்சன் எண்ணுக்கு உட்பட்டு ஓடுகிறது. நாளையே டோனி கான் டைனமைட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றினாலும், மறுநாள் காலை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு எண்கள் கிடைக்கப்போவதில்லை.